குடை விரிக்காத லூர்து டீச்சர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் மணி அடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதியமான்கோட்டையில் எங்கள் பள்ளிக்கு எதிரே பாலக்கோட்டுப் பக்கமிருந்து வரும் பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் மட்டும் படியில் தொங்கியபடி கைதட்டிக் கூப்பிட்டார்.

"சரோசா டீச்சர்! மாரண்டஹள்ளி லூர்து டீச்சர் விடிகாலைல தவறிட்டாங்களாம். சவரிமுத்து அண்ணன் உங்ககிட்ட சொல்லச் சொன்னாருங்க."

விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. பிள்ளைகள் கடவுள் வாழ்த்தைத் தொடங்கிவிட்டதால் அது முடியும்வரை அசையாமல் நின்றேன். என்ன பாடினார்கள் என்று காதில் விழவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நான் ரோட்டுக்கு வந்தபோது, உடன் வேலை செய்யும் இளம் ஆசிரியை ஒருவர் ஓடி வந்து என் பையைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கராத்தே டீச்சருங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். லூர்துமேரி டீச்சரைப் பற்றி எங்கள் தாலுகாவில் பல கதைகள் உலவுகின்றன. நாலு ரவுடிகளைத் தூக்கி ஓடையில் வீசினார் என்பார்கள். சீனாக்காரர் ஒருவரிடம் வித்தை கற்றார் என்பார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான். அவர் செய்தது கராத்தே இல்லை. எதிரில் நின்றவனும் ஒருவன்தான். நடந்ததை நடந்தபடி சொன்னாலே அவருக்குப் பெருமை போதும்.

தருமபுரி தனி மாவட்டமான மறு வருஷம் எனக்குப் புளியங்கொட்டாய் தொடக்கப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. மாரண்டஹள்ளி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொல்லைக் காடுகளின் நடுவே நடந்து, ஒரு புளியந்தோப்பைத் தாண்டி, ஓடை ஒன்றில் இறங்கி ஏறினால் ஊர். என் கணவர் அப்போது சேலத்தில் மில் வேலையில் இருந்தார். வாரம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் மாமியார்தான் எல்லாம். "ஓட தாண்டிப் போயி ஒரு பொம்பள சம்பாதிக்கணுமா? ஒரே ஒரு பேச்சு என் காதுக்கு வரட்டும், அன்னிக்கே வேலைய வுட்டுப் போடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். சம்மதித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இறங்கிய இடத்தில் எனக்காகக் காத்திருந்தவர் லூர்து டீச்சர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குள்ளம், ஒல்லி, கஞ்சி போட்டுத் தேய்த்த வாயில் புடவை, கழுத்தில் ஜெபமாலை. கையில் ஆண்கள் வைத்திருப்பது போன்ற வளைந்த பிடி போட்ட கறுப்புக் குடை. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் குடையை விரிக்கவே இல்லை. பாதை திரும்புகிற இடங்களில் வேலியை ஒட்டி நடக்காமல், வளைந்து அகலமாகப் போனார்.

பாதி வழியில் கேட்டுவிட்டேன். "ஏங்க டீச்சர், கொடைய வச்சுக்கிட்டே வெய்யில்ல வரீங்க?"

"விரிச்சா முன்னால யார் வராங்கன்னு தெரியாதுங்க டீச்சர். கையும் அதுலயே மாட்டிக்கும்" என்றார். என்ன பதில் இது என்று நினைத்துக்கொண்டேன். 

காரணம் அடுத்த மாதம் தெரிந்தது. பரீட்சைத் தாள்களை வாங்கிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரண்டஹள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டால் பதில் இல்லை. கொல்லைப்புறத்தில் ஆண் குரல் ஒன்று அதட்டிக்கொண்டிருந்தது. "மேல! மேல! தாடை எங்க இருக்குது, தொப்புள்லயா?" தொடர்ந்து 'தொப்'பென்று அடி விழுகிற சத்தம். புருஷன் பெண்டாட்டி சண்டை, நாம் வந்திருக்கக்கூடாது என்று திரும்பப் பார்த்தேன். அதற்குள் லூர்து டீச்சரே வியர்த்து விறுவிறுத்து, புடவையை இழுத்துச் செருகியபடி வந்துவிட்டார்.

"வாங்க டீச்சர். பயந்துட்டீங்களா?"

கொல்லையில் வேப்பமரக் கிளையிலிருந்து வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்று ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அதற்குப் பழைய காக்கிச் சட்டை மாட்டியிருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிடப் போய், ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. அவர்தான் சவரிமுத்து அண்ணன்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக்குப் போன பட்டாளத்தில் இருந்தவர் அவர். அதற்குமுன் பயிற்சி முகாமில், கையில் ஆயுதம் இல்லாமல் போனால் எதிரியிடமிருந்து எப்படித் தப்புவது, எப்படி வீழ்த்துவது என்று கற்றுக்கொடுக்க ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் இருந்தாராம். அவர் பேச்சைத் தமிழ்ச் சிப்பாய்களுக்குச் சொல்லும் வேலை சவரிமுத்து அண்ணனுக்கு. கூடவே இன்னொரு வேலையும் இருந்தது.

"ஒவ்வொரு பாடத்துக்கும் என்னைத்தான் தூக்கிப் போட்டுக் காட்டுவான். வுழுந்து வுழுந்தே கத்துக்கிட்டேங்க டீச்சரம்மா" என்று சிரித்தார்.

போர் முடிகிற சமயத்தில் குண்டு வெடித்து அவர் கை போனது. ஊருக்கு வந்தார், பென்ஷன் வந்தது, கிணற்றுக் கொல்லையில் தக்காளி போட்டார், லூர்து டீச்சரை மணந்துகொண்டார். பட்டாளத்து வித்தையை அவர் வீட்டில் பேசியதே இல்லையாம். பேச வைத்தது ஒரு பஸ் ஸ்டாண்டு.

டீச்சருக்கு வேலை கிடைத்த புதிதில் நடந்தது அது. கூட்டத்தில் ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நடந்தான். பார்த்தவர்கள் புருஷன் என்று நினைத்தார்கள். டீச்சருக்குக் குரல் எழும்பவில்லை. யாரோ தெரிந்தவர் எதிரே வந்ததால் அவன் விட்டுவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, இனி வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சவரிமுத்து அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "வேலைய வுட வேணாம் லூர்து. அவன் கைய வுடுவிக்கக் கத்துக்கோ."

கற்றுக்கொடுப்பது லேசாக இல்லை. முக்கால்வாசிப் பிடிகளுக்கு இரண்டு கை வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்று. அதனால் இருவரும் சாக்குக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அவருடைய இடது கையும் டீச்சரின் வலது கையும் சேர்ந்து ஒரே ஆளின் இரண்டு கைகள்போல அந்தக் காக்கிச் சட்டையைப் பிடித்தன, திருகின, தள்ளின. டீச்சரின் உடம்புக்கு அது புரிந்தபிறகு அண்ணன் விலகிக்கொள்வார். மீதியை டீச்சர் தன் இரண்டு கைகளால் செய்வார். எனக்கு ஒருமுறை அப்படிச் செய்து காட்டினார்கள். இருவரும் மூச்சுவிடுவதுகூட ஒன்றாக இருந்தது. நான் பார்த்த தம்பதிகளில் அவ்வளவு நெருக்கமாக யாரையும் பார்த்ததில்லை என்று எழுதினால் அண்ணன் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

தொண்டையில் அடிப்பது, கண்ணில் குத்துவது என்று அந்த முகாமில் வேறு பாடங்களும் இருந்திருக்கின்றன. அவற்றை அண்ணன் சொல்லித்தரவில்லை. டீச்சர் வற்புறுத்தியும் மறுத்துவிட்டார். "அவன் எனக்குச் சொல்லிக்குடுத்தது ஆளைக் கொல்றதுக்கு. நான் உனக்குச் சொல்லிக்குடுக்கறது வூடு வந்து சேர்றதுக்கு" என்றாராம். அடித்துவிட்டு நின்று பார்க்காதே, ஓடு. இதுதான் அவர் அடிக்கடி சொன்ன பாடம்.

அன்று நான் தாள்களை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அண்ணன் சாக்கைக் காட்டி, "இதுங்கிட்ட ஒரே ஒரு குறைங்க டீச்சரம்மா. திருப்பிப் புடிக்காது. நீங்க ஒருதரம் இவ கையைப் புடிங்க பார்க்கலாம்" என்றார். தயங்கிக்கொண்டே டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கட்டைவிரல் இருந்த பக்கமாகக் கையைச் சுழற்றி ஓர் இழுப்பு. என் கை வெறுமையாக இருந்தது. "இன்னும் இறுக்கிப் புடிங்க" என்றார் டீச்சர். இறுக்கிப் பிடித்தேன். மறுபடியும் காணோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப நான்" என்றேன்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போக ஆரம்பித்தேன். அவர்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கொல்லையில் வைக்கோலைப் பரப்புவோம். விழுவதற்குத்தான் முதல் பாடம். நானும் டீச்சரும் மாறி மாறிப் பிடிப்போம், விடுவிப்போம், விழுவோம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையைக் கீழிருந்து மேலே தள்ளுவது, குதிகாலால் எதிராளியின் முழங்காலிலிருந்து உராய்ந்துகொண்டே போய்ப் பாதத்தில் மிதிப்பது எல்லாம் வந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் பெண்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா, "டீச்சருங்களுக்கு என்னா கேடு வந்துச்சு, இப்படி உருளுதுங்க" என்று உரக்கவே சொன்னார்.

புடவை தடுக்கிறது என்று நான் ஒருநாள் குறைப்பட்டேன். அண்ணன் கல்லிலிருந்து அசையாமல் சொன்னார்: "தடுக்கட்டும். புடவையோடயே கத்துக்கோங்க. நீங்க மாத்திக்கிட்டு வர்ற வரைக்கும் ரோட்டுல எவனும் காத்துக்கிட்டு இருக்கமாட்டான்."

குடைக்கென்று தனிப்பாடம் இருந்தது. முகாமில் துப்பாக்கிக் குழலை வைத்துச் செய்ததை அவர் குடைக்கு மாற்றியிருந்தார். ஒரு கை பிடியில், ஒரு கை நடுவில். "தலைக்கு மேல தூக்காத. தூக்கினா அவன் புடிச்சுக்குவான். வவுத்துக்கு நேரா ஒரே குத்து" என்பார். டீச்சர் அந்தக் குத்தை நாள் தவறாமல் பழகினார். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில்கூடப் பழகுவாராம்.

அது மதுவிலக்கு இருந்த காலம். ஓடையின் மேல்பக்கம் புதர்களுக்குள் சாராயம் காய்ச்சினார்கள். பிள்ளைகள் உள்பட எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். காய்ச்சியவர்களில் மாதன் என்று ஒருவன். முரடன். பாறையில் உட்கார்ந்துகொண்டு, ஓடையைத் தாண்டும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கேலி செய்வான். பிறகு வழிமறித்தான். ஒருத்தியின் பையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான். ஓடைக்கு ரோட்டுப் பக்கம் இருந்த கொல்லை வீடுகளிலிருந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "கண்டுக்காம போயிட்டு வந்துடுங்கம்மா. நமக்கு எதுக்கு" என்றார்.

ஐந்தாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி பசம்மா. அவளும் வரவில்லை என்றதும் லூர்து டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். வீட்டில் கன்னடம் பேசும் விவசாயக் குடும்பம். அப்பா சிக்கண்ணா ஏர் கழுவிக்கொண்டிருந்தார். "பேடம்மா, ஓதித்து சாக்கு" என்றார். வேண்டாம், படித்தது போதும் என்று அர்த்தம்.

"காலைல பஸ்ஸை வுட்டு எறங்கி நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம். சாயந்தரம் நாங்களே கொண்டாந்து வுடறோம். பிள்ளைக்கு நான் பொறுப்புங்க" என்றார் டீச்சர்.

சிக்கண்ணா அவரை மேலும் கீழும் பார்த்தார். குள்ளமான ஒரு பெண்பிள்ளை, கையில் ஒரு குடை. அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் பசம்மா உள்ளேயிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தினமும் முன்னால் லூர்து டீச்சர், நடுவில் பிள்ளைகள், கடைசியில் நான். மாதன் பாறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு போலீஸ் வந்து ஓடையில் பானைகளை உடைத்துவிட்டுப் போனது. சொன்னது நாங்கள் அல்ல. ஆனால் அவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. மறுநாள் சாயந்திரம் பிள்ளைகளோடு ஓடையில் இறங்கினோம். முந்தின வார மழையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. மாதன் வழியின் நடுவில் நின்றான். குடித்திருந்தான். கையில் சூரிக்கத்தி. அவனுடைய கூட்டாளி ஒருவன் கரையில் உட்கார்ந்திருந்தான்.

"போலீசுக்கு எவ சொன்னது? நீயா, பின்னால வராளே அவளா?"

"வழிய வுடுங்க. பிள்ளைங்க வூட்டுக்குப் போகணும்" என்றார் டீச்சர். அவனிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "டீச்சர், பிள்ளைங்களக் கூட்டிட்டுக் கரை ஏறுங்க" என்று என்னிடம் சொன்னார்.

நான் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் ஏறினேன். மாதன் எங்கள் பக்கம் திரும்பினான். டீச்சர் குறுக்கே வந்தார். அவன் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஆகிற நேரம்கூட நடக்க ஆகவில்லை. கை சுழன்று விடுபட்டது. விடுபட்ட கை குடையின் நடுவைப் பிடித்தது. அவன் கத்தியை ஓங்குவதற்குள் குடையின் முனை வயிற்றில் இறங்கியது. அவன் முன்னால் மடங்கினான். மடங்கிய தாடையை டீச்சரின் உள்ளங்கை மேலே தள்ளியது, குதிகால் அவன் பாதத்தில் இறங்கியது. கத்தி பாறையில் மோதித் தெறித்தது. அவன் பின்பக்கமாகச் சரிந்து, பாறையில் தோள் அடிபட, உருண்டு தண்ணீரில் விழுந்தான். கூட்டாளி எழுந்து ஓடிவிட்டான்.

"ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே டீச்சர் எங்களிடம் ஓடி வந்தார். கரை ஏறி ஓடினோம். தோப்பின் ஓரத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாதன் குப்புறக் கிடந்தான். முகம் தண்ணீருக்குள். அசைவில்லை.

"ஐயோ" என்றார். குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி இறங்கினார். "வேணாங்கக்கா!" என்று கத்தினேன். முதல்முதலாக அவரை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். அவர் கத்தியைக் குடையால் புதருக்குள் தள்ளிவிட்டு, மாதனின் சட்டையைப் பிடித்துப் புரட்டினார். தலையைப் பாறைமேல் இழுத்து வைத்தார். அவன் இருமினான். தண்ணீரைக் கக்கினான். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் புதர் மறைவில் நின்ற கூட்டாளியைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "தோள் எறங்கியிருக்குது. வூட்டுல யாரும் இழுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பிள்ளைகளை வீடுகளில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவருக்கு நடுக்கம் வந்தது. டீக்கடைக்காரர் கொடுத்த தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "கை நிக்கமாட்டேங்குது சரோசா" என்று சொல்லிக் குழந்தைபோலக் கையைக் காட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

மாரண்டஹள்ளியில் அவர் வீடுவரை நானும் கூடப் போனேன். சவரிமுத்து அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். கை விடுபட்டது, குடை இறங்கியது எல்லாம் கேட்கும்போது முகம் மலர்ந்தது. திரும்பிப் போனேன் என்று டீச்சர் சொன்னதும் அது மாறிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"வுழுந்தவன்கிட்டத் திரும்பிப் போனியா? அவன் நடிச்சிருந்தா? இன்னொருத்தன் ஒளிஞ்சிருந்தா? நான் என்ன சொல்லிக்குடுத்தேன்?"

"ஓடச் சொன்னீங்க. ஓடினேன். அப்புறம் திரும்பினேன்."

"எதுக்கு?"

"பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார் டீச்சர். "நான் ஒருத்தன அடிச்சதப் பாத்துச்சுங்க. அவன் சாகறதயும் பாக்கணுமா? பட்டாளத்துல உங்களப் பாத்துக்கிட்டு அஞ்சாங்கிளாஸ் நிக்கலீங்களே."

அண்ணன் எழுந்துபோய் அவருக்கு வெந்நீர் போட்டார். 

என் மாமியாருக்கும் செய்தி எட்டியது. ஒரு பேச்சு வந்தால் வேலையை விட வேண்டும் என்பது ஒப்பந்தம். வந்ததோ ஊர் முழுக்கப் பேச்சு. ராஜினாமா எழுதத்தான் வேண்டும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மாமியார் கேட்டார்: "ஞாயித்துக்கெழம அந்த டீச்சர் வூட்டுல போயி உருண்டுக்கிட்டு இருந்தியாமே, இதுக்குத்தானா?"

"ஆமாங்கத்த."

"இந்த ஞாயித்துக்கெழமயும் போறியா?"

"வேணாம்னா நின்னுக்கறேங்க."

"நான் எங்க வேணாம்னேன்? ஆக்கி வச்சுட்டுப் போ."

மாதனின் சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆசிரியை ஒருவர் ஊர்க்காரரை அடித்துக் கையை முறித்துவிட்டார் என்று மேலே புகார் போனது. விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். டீச்சர் பேசாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் நல்லது என்று தலைமையாசிரியர் கெஞ்சினார். "நான் போனா பிள்ளைங்க மறுபடியும் நின்னுடுமே சார்" என்றார் டீச்சர்.

பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். ஊரே வாசலில் கூடியிருந்தது. மாதன் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். ஆறடிக்குக் குறையாத உடம்பு. அவனுக்குப் பக்கத்தில் லூர்து டீச்சர் அவன் மார்புக்குக்கூட எட்டவில்லை. அதிகாரி அவனை ஏறிட்டுப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கையிலிருந்த புகாரைப் பார்த்தார்.

"உன்னை அடிச்சது யாருப்பா? காட்டு."

மாதன் வாயைத் திறக்கவில்லை.  எல்லோர் கண்ணும் அவன்மேல் இருந்தது. இவர்தான் என்று கையைக் காட்டினால் டீச்சர் வேலை போகும். ஆனால் அதற்கு அவன், இந்தக் குள்ளமான பொம்பளை என்னைக் கீழே தள்ளினாள் என்று ஊர் நடுவில் தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் காது சிவந்தது.

"யாரும் அடிக்கலீங்க. ஓடையில கல்லு தடுக்கி வுழுந்துட்டேன்."

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "அந்த எடத்துல பாசி ஜாஸ்திங்க சார். யாருன்னாலும் வழுக்கும்" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வகுப்பு அடங்குவதுபோல் அடங்கிவிட்டது. அவர் அன்று அவனைக் காப்பாற்றியது இரண்டாவது முறை என்று நான் நினைத்துக்கொண்டேன். மாதன் அதற்குப் பிறகு ஓடைப்பக்கம் வரவில்லை. ஓசூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போய்விட்டான். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து, தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தான். உள்ளே வராமல் வேலிக்கு வெளியே நின்று மகளை மட்டும் அனுப்பினான். டீச்சர் அந்தக் குழந்தையை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்.

பெண்பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கு வந்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று டீச்சரைப் பிய்த்தெடுத்தார்கள். அவர் அதை ட்ரில் வகுப்பாக மாற்றினார். கையில் கோல், ஒன்று சொன்னால் குத்து, இரண்டு சொன்னால் விலகு, மூன்று சொன்னால் கோட்டைத் தாண்டி ஓடு. பாலக்கோட்டில் விளையாட்டு விழாவில் எங்கள் பெண்கள் அதைச் செய்தபோது மேடையில் இருந்தவர்கள், நல்ல கோலாட்டம் என்று பாராட்டினார்கள். சவரிமுத்து அண்ணன் கூட்டத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவர் சண்டைக்கு அலைந்தவர் அல்ல. ஒருமுறை ஆசிரியைகள் சேர்ந்து ஒகேனக்கல் போயிருந்தோம். மீன் வறுவல் கடைகளுக்குப் பின்னால் ஒருவன் எங்கள்முன் வந்து நின்று கையை நீட்டி, கைப்பையைக் கொடு என்றான். எனக்கு உள்ளங்கை அரித்தது. இத்தனை வருஷம் உருண்டது இதற்குத்தான் என்று காலை அகட்டி நின்றேன். லூர்து டீச்சர் தன் பையை அவனுக்குப் பின்னால் தூரமாக எறிந்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி ஓடினார். பரிசல் துறைக்கு வந்துதான் நின்றோம். மூச்சு வாங்கியபடி சிரித்தார்.

"ஏங்கக்கா ஓடியாந்தீங்க? அவன் ஒத்தை ஆளுதானே!"

"பையில பழைய கைக்குட்டையும் ஒரு வாழப்பழமும் இருக்குது. அதுக்காக ஒருத்தன் தோளை எறக்கணுமா?" என்றார். வறுவல் வாங்கித் தின்றுகொண்டே, "பயமில்லாம ஓடறதுக்கும் பழகணும் சரோசா. பயந்து ஓடினா தப்பான பக்கம் ஓடுவோம்" என்றார். எனக்கு அவர் சொன்ன பாடங்களில் அதுதான் இன்றும் உதவுகிறது.

நான் மாற்றலாகி அதியமான்கோட்டைப் பக்கம் வந்த பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்துக்கொள்வோம். போன வருஷத்திலிருந்து அவருக்கு இதயக் கோளாறு. மாடிப்படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பட்டியலைச் சொல்லிவிட்டு, "குத்தக்கூடாதுன்னு சொல்லல, நானும் கேக்கல" என்று கண்ணடித்தார். கடைசியாக நான் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். சவரிமுத்து அண்ணன் ஒற்றைக் கையால் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் புளியங்கொட்டாய்ப் பெண்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், பெங்களூரில் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். பசம்மா நர்சாக இருக்கிறாள். வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பூசை முடிந்து பெட்டியைத் தூக்க ஆண்கள் முன்னால் வந்தபோது பசம்மா போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. எதிரே இருவர். பின்னால் இருவர்.

ஆண்கள் திகைத்து நின்றார்கள். "பொம்பளைங்க தூக்கற வழக்கம் இல்லையேம்மா" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். பாதிரியார் சவரிமுத்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொன்னார்:

"வுடுங்க. அவங்க தூக்கட்டும்."

தூக்கினார்கள். ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம். முதல் சில அடிகளில் பெட்டி ஆடியது, கூட்டம் பதறியது. சவரிமுத்து அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நடந்தார். முதலில் உதட்டுக்குள், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "எடது... எடது... எடது..." என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே போனார். பெண்களின் கால்கள் ஒன்றாக விழ ஆரம்பித்தன. பெட்டி ஆடாமல் நின்றது. கல்லறை வாசல்வரை அந்தக் குரல் உடையவில்லை.

அக்கா, உங்களை நாங்கள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இனி ஓய்வெடுங்கள்.